மலைக்கும் ஒரு சீட்டு

தமிழர்க்கு மலை புதிதன்று. மலையும் மலைசார்ந்த நிலமும் குறிஞ்சி என்று பெயரிட்டு, அதற்கு முருகனைத் தெய்வமாக வைத்தவர்கள் நம் முன்னோர். பழனிக்கும் திருத்தணிக்கும் படியேறிய குடும்பங்கள் நம்முடையவை. எனினும், நாம் ஏறிய மலைகள் படிக்கட்டு உள்ள மலைகளாக இருந்தவரையில் நமக்கு வேண்டியவை இரண்டே: காலில் வலிமை, உள்ளத்தில் பக்தி. யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. வழிகாட்ட ஆள் தேடியதும் இல்லை. முன்னால் செல்லும் காவடியே வழிகாட்டி.

காலம் மாறியிருக்கிறது. பிழைப்புத் தேடிப் பெங்களூர் வந்து, ஈஜிபுராவிலும் விவேக்நகரிலும் ஆஸ்டின் டவுனிலும் வேர்விட்ட நம் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று நன்கு படித்து நல்ல ஊதியம் பெறுகின்றனர். நான்கு நாள் விடுமுறை சேர்ந்து வந்தால் தந்தை ஊருக்கு இரயிலேறினார். மகனும் மகளும் முதுகுப் பையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் புறப்படுகின்றனர். முதலில் குமார பர்வதம், பிறகு இமயம், அதன்பின் நேபாளம், மலேசியா, ஆப்பிரிக்கா என்று ஆசை உயர்ந்துகொண்டே செல்கிறது. இதில் தவறொன்றும் இல்லை. 2023 மே மாதத்தில் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் உச்சியை அடைந்து, அங்கே ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண் என்னும் புகழைப் பெற்றார். அச்செய்தியைப் படித்து மகிழாத தமிழ்க் குடும்பம் உண்டோ?

ஆகவே, பிள்ளைகளைத் தடுப்பதற்காக நாம் இதனை எழுத முற்படவில்லை. போகிறவர் எந்த அனுமதியைப் பெற்று, யாரைத் துணைக்கொண்டு, எவ்வாறு போகவேண்டும் என்பதையும், அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் பெற்றோர் எவற்றைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

சீட்டு எதற்கு?

நம் தெருவில் வசிக்கும் இளைஞர் ஒருவர் நேபாளம் செல்வதற்கு வேண்டிய தாள்களை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். இரயில்வே எழுத்தர் என்றால் படிவம் நிரப்பத் தெரிந்தவர் என்பது அக்கம்பக்கத்தாரின் நம்பிக்கை. அவர் கேட்ட கேள்வி நியாயமானதே.

“மலை என்ன, யாராவது கட்டிய சினிமாக் கொட்டகையா, அண்ணா? கடவுள் படைத்ததைப் பார்க்க எதற்குச் சீட்டு? எதற்குக் கூட ஓர் ஆள்?”

நாம் நமக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே விடை சொன்னோம். ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில் நெடுங்காலம் ஓர் ஏற்பாடு இருந்தது. இரண்டு நிலையங்களுக்கு நடுவே வண்டியை ஓட்டிச் செல்லும் டிரைவர் கையில் டோக்கன் என்னும் ஓர் இரும்பு உருண்டை இருக்கவேண்டும். இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை; ஓர் உருண்டை வெளியே வந்துவிட்டால் மற்றொன்றை எடுக்க இயலாது. அது அடுத்த நிலையத்தில் ஒப்படைக்கப்பட்ட பிறகே வேறொரு வண்டி அப்பாதையில் நுழையும். இன்று பெரும்பாலான இடங்களில் வேறு முறைகள் வந்துவிட்டன. கருத்து மட்டும் மாறவில்லை.

“அந்த உருண்டையின் விலை என்ன, தம்பி? கொஞ்சம் இரும்பு, அவ்வளவுதான். ஆனால், இந்தப் பாதையில் இந்த வண்டி இருக்கிறது என்பதை இரண்டு பக்கத்திலும் ஒவ்வொருவர் அறிந்திருக்கிறார் என்பதற்கு அது சாட்சி. வரவேண்டிய நேரத்தில் வண்டி வராவிட்டால் தேடிப்போக ஆள் உண்டு. மலைக்கு வாங்கும் சீட்டும் அப்படிப்பட்டதே.”

வாசக அன்பர்கள் இவ்வொன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் இக்கட்டுரையின் மற்றப் பகுதிகள் எளிதில் விளங்கும். அனுமதிச் சீட்டு என்பது கட்டணம் வாங்குவதற்கான வெறுந்தாளன்று. நாம் மலையில் இருக்கிறோம் என்பதை மலைக்கு வெளியே ஒருவர் அறிந்திருக்கிறார் என்பதே அதன் பொருள்.

எவரெஸ்ட்டுக்கும் சீட்டு உண்டு

இச்சீட்டு நேற்று வந்ததுமன்று. 1921ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் முதன்முதலாக எவரெஸ்ட்டை ஆராயத் திபெத்து வழியே சென்றபோது தலாய் லாமாவின் அனுமதியைப் பெற்றே சென்றனர். பின்னர் நேபாளம் தன் கதவைத் திறந்தபோது, ஓராண்டு ஒரு நாட்டார்க்கு என்று முறை வைத்தது. 1952ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டார்க்கும், 1953ஆம் ஆண்டு ஆங்கிலேயர்க்கும் அனுமதி கிடைத்தது. தென்சிங் நோர்கே 1952ல் சுவிஸ் குழுவினரோடு உச்சிக்கு மிக அருகே சென்று திரும்பினார். 1953 மே 29ஆம் நாள் ஆங்கிலேயக் குழுவில் ஹிலாரியோடு சேர்ந்து உச்சியில் நின்றார். உலகமே வியந்த அந்த வெற்றிக்கும் அடியில் இருந்தது ஓர் அனுமதித் தாளே.

அத்தாளின்றிச் சென்றவர் கதையும் உண்டு. மாரிஸ் வில்சன் என்னும் ஆங்கிலேயர், முறையான மலையேற்றப் பயிற்சி இல்லாதவர், 1934ஆம் ஆண்டில் டார்ஜிலிங்கிலிருந்து மாறுவேடம் பூண்டு அனுமதியின்றித் திபெத்துக்குள் நுழைந்தார். எவரெஸ்ட்டின் பனிச்சரிவில் தனியராய் ஏறினார், திரும்பவில்லை. மறு ஆண்டு அவ்வழியே சென்ற குழுவினர்தாம் அவர் உடலைக் கண்டனர். அவருடைய துணிவை மெச்சலாம். செய்கையைப் பின்பற்ற முடியாது.

குரங்கணி தந்த பாடம்

தொலைவில் உள்ள எவரெஸ்ட்டைவிட, நம் நெஞ்சைச் சுடுவது தேனி மாவட்டத்துக் குரங்கணியே. 2018 மார்ச்சு 11ஆம் நாள், போடிநாயக்கனூரை அடுத்த அம்மலையில் நடந்துகொண்டிருந்த இரு குழுவினரைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் வந்தவர்கள். பலரும் இளம் வயதினர். காய்ந்த புல், மேல்நோக்கி வீசும் காற்று, செங்குத்தான சரிவு. ஓடுவதற்கு வழியில்லை. விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வரவழைக்கப்பட்டன. அன்றும் பின்னர் மருத்துவமனைகளிலுமாக 23 உயிர்கள் மாண்டன. அவர்கள் சென்ற பாதைக்கு முறையான அனுமதி பெறப்படவில்லை என்று அரசு தரப்பில் அன்று கூறப்பட்டது.

மாண்டவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று, அது அறமுமன்று. அவர்கள் பணம் செலுத்தி, பிறரை நம்பி, ஒரு நாள் இன்பத்துக்காகச் சென்றவர்கள். நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அழைத்துச் செல்பவர் எந்தப் பாதைக்கு அனுமதி பெற்றிருக்கிறார்? எத்தனை பேருக்குப் பெற்றிருக்கிறார்? தீக்காலத்தில் அப்பாதை திறந்திருக்கிறதா? இம்மூன்று கேள்விகளையும் புறப்படுமுன் கேட்பது பெற்றோரின் உரிமை, பிள்ளைகளின் கடமை.

அவ்விபத்துக்குப் பின்னர், 2018லேயே தமிழ்நாட்டரசு காடுகளில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் ‘தமிழ்நாடு மலையேற்றத் திட்டம்’ தொடங்கப்பட்டு, 14 மாவட்டங்களில் 40 பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என மூவகையாகப் பிரித்துத் திறக்கப்பட்டன. காட்டையொட்டி வாழும் பழங்குடி இளைஞர்களும் சிற்றூர் இளைஞர்களும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக உடன் வருகின்றனர். இணையவழியே பதிவு செய்துகொள்ளலாம்.

நாம் வாழும் கர்நாடகத்திலும் இதே கதைதான். 2024 குடியரசு நாள் விடுமுறையில் குமார பர்வதத்தில் ஆயிரக்கணக்கானோர் குவிந்து, காட்டுப் பாதை திருவிழாத் தெருப்போல் ஆயிற்று. அதனைக் கண்ட அரசு, முன்பதிவு இல்லாத பாதைகளில் ஏறுவதை நிறுத்திவைத்தது. பிறகு இணையவழிப் பதிவும், ஒரு பாதைக்கு நாளொன்றுக்கு 300 பேர் என்னும் வரம்பும் வந்தன. குக்கே சுப்ரமண்யரைத் தரிசித்துவிட்டு 1,712 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் ஏற விரும்புவோர் முன்னதாகவே பதிவு செய்துகொள்க.

வெளிநாட்டு மலைக்கு ஆசைப்படும் பிள்ளைகள் இவற்றில் இரண்டு மூன்று பாதைகளை முதலில் நடந்து பார்ப்பது நலம். கால் பழகும், அதனினும் மேலாக, பதிவு செய்தல், சோதனைச் சாவடியில் பெயர் எழுதுதல், வழிகாட்டி சொல் கேட்டல் ஆகிய பழக்கங்கள் வரும்.

நேபாளம் செல்வோர்க்கு

வெளிநாட்டு மலைகளில் நமக்கு எளிதானது நேபாளமே. இந்தியக் குடிகளுக்கு விசா வேண்டியதில்லை. விமானத்தில் செல்வோர் பாஸ்போர்ட்டையோ வாக்காளர் அடையாள அட்டையையோ கொண்டு செல்லவேண்டும். ஆதார் அட்டை ஒன்றே போதும் என்று எண்ணி விமான நிலையம் சென்று ஏமாற வேண்டா. 15 வயதுக்குட்பட்டோர்க்கும் 65 வயது கடந்தோர்க்கும் மட்டுமே அவ்வகை அட்டைகள் ஏற்கப்படும். பாஸ்போர்ட் இல்லாதவர் முன்கூட்டியே எடுத்துக்கொள்வது நன்று. பாஸ்போர்ட் அலுவலகம் நம் ஈஜிபுராவுக்கு அடுத்த கோரமங்களாவின் எண்பதடிச் சாலையிலேயே இருக்கிறது.

நேபாளத்தில் அனுமதி என்பது ஒரே தாளன்று, மூன்று வகையானது.

முதலாவது, காட்டுக்குள் நுழையும் அனுமதி. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு, இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டார்க்கு 1,000 நேபாள ரூபாய். பிற வெளிநாட்டார்க்கு 3,000. எவரெஸ்ட் அமைந்துள்ள சாகர்மாதா தேசியப் பூங்காவுக்கு நமக்கு 1,500; பிறர்க்கு 3,000; வரி தனி. நம் 100 ரூபாய் அவர்களுடைய 160 ரூபாய்க்குச் சமம். ஆகவே, அன்னபூர்ணாச் சீட்டு நம் பணத்தில் 625 ரூபாய்தான். கட்டணங்கள் அவ்வப்போது உயர்வதுண்டு, புறப்படுமுன் விசாரித்துக்கொள்க. இச்சலுகை நாம் இந்தியர் என்பதைக் காட்டினால்தான் கிடைக்கும். அடையாள அட்டையின் பிரதிகளும், பாஸ்போர்ட் அளவுப் படங்களும் பையில் இருக்கட்டும்.

இரண்டாவது, மலையேறுவோர் விவரத்தைப் பதியும் ‘டிம்ஸ்’ அட்டை. சார்க் நாட்டார்க்கு 1,000 நேபாள ரூபாய் என 2023ல் வகுக்கப்பட்டது. யார், எந்த வழியில், எத்தனை நாள், யாருடைய பொறுப்பில் செல்கிறார் என்பன அதில் அடங்கும். நாம் மேலே சொன்ன டோக்கன் இதுவே. 2023 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டார் பதிவுபெற்ற முகவர் வழியாக உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் செல்லவேண்டும் என்று நேபாளச் சுற்றுலா வாரியம் விதித்தது. எவரெஸ்ட் பகுதியின் உள்ளாட்சி மன்றம் மட்டும் அவ்விதியை ஏற்காமல், டிம்ஸுக்குப் பதிலாகத் தன் கட்டணத்தை வாங்கிக்கொண்டு அனுப்புகிறது. விதி இல்லாவிடினும், முதன்முறை செல்வோர் அங்கேயும் வழிகாட்டியின்றிச் செல்லாதிருப்பதே அறிவுடைமை.

மூன்றாவது, தனி அனுமதி. மேல் முஸ்தாங், மனாஸ்லு போன்ற எல்லைப்புறப் பகுதிகள் கட்டுப்பாடு உடையவை. பதிவுபெற்ற முகவர் வழியாக அல்லாது அங்கே அனுமதி கிடைக்காது. பாதையில் நடப்பது வேறு, பனிச் சிகரத்தில் ஏறுவது வேறு என்பதையும் அறிக. சிறு சிகரங்கள் பலவற்றுக்கு நேபாள மலையேற்றச் சங்கமும், பெருஞ்சிகரங்களுக்கு அரசின் சுற்றுலாத் துறையும் அனுமதி வழங்குகின்றன. எவரெஸ்ட் உச்சிக்கு வசந்த காலக் கட்டணம் 11,000 டாலராக இருந்தது. 2025 செப்டம்பர் முதல் 15,000 டாலராயிற்று. எவரெஸ்ட் அடிவாரத்துக்கு நடக்கும் பிள்ளைகளுக்கு அக்கட்டணம் இல்லை. பெற்றோர் அஞ்ச வேண்டா.

வழிகாட்டியை நேபாளம் ஏன் வற்புறுத்தியது? 2014 அக்டோபரில் அன்னபூர்ணாப் பக்கத்தில், 5,416 மீட்டர் உயரமுள்ள தொராங் கணவாயை ஒட்டி, வங்கக் கடலில் எழுந்த புயலின் வால் பனிமழையாக வீசிற்று. நம் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய அதே ஹூட்ஹூட் புயல். நடைப்பயணிகளும் ஊர்க்காரர்களும் வழிகாட்டிகளுமாக 40க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் இந்தியரும் இருந்தனர். இத்தகைய இழப்புகளுக்குப் பின்னரே தனியாய்ச் செல்வதைத் தடுக்கவேண்டும் என்னும் பேச்சு வலுத்தது.

பிற நாடுகளில்

மலேசியாவில் உறவினர் உள்ள நம் குடும்பங்கள் பல. சபா மாநிலத்தில் உள்ள கினபாலு 4,095 மீட்டர் உயரமுடையது. அங்கே அனுமதி, வழிகாட்டி ஆகிய இரண்டுமே கட்டாயம். நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்னும் வரம்பும் உண்டு. மலைமேல் இரவு தங்கும் விடுதியில் இடம் கிடைத்தாலன்றிப் பயணம் அமையாது. ஆகவே பல மாதங்களுக்கு முன்னரே பதிவு செய்தல் வேண்டும். 2015 சூன் 5ஆம் நாள் அம்மலையில் நிலநடுக்கம் ஏற்பட்டு 18 பேர் இறந்தனர். அவருள் வழிகாட்டிகளும் இருந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மேலே சிக்கிக்கொண்டபோது, பாறைகள் உருண்டுகொண்டிருந்த வழியில் அவர்களை நடத்திக் கீழே கொண்டுவந்தவர்கள் அம்மலையைப் பிறப்பிலிருந்து அறிந்த வழிகாட்டிகளே.

ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த மலையாகிய கிளிமஞ்சாரோ தான்சானியாவில் உள்ளது, 5,895 மீட்டர். அங்கும் உரிமம் பெற்ற வழிகாட்டியின்றி எவரும் ஏறலாகாது. பூங்காக் கட்டணம் நாள் கணக்கில் வாங்கப்படுவதால், சிலர் செலவைக் குறைக்க எண்ணி ஐந்தே நாளில் ஏறி இறங்க முயல்வர். அவ்வளவு விரைவில் உடல் உயரத்துக்குப் பழகாது; பாதி வழியில் திரும்பினால் கட்டிய பணம் முழுவதும் வீண். இரண்டு நாள் கூடுதலாகச் செலவழிப்பதே உண்மையான சிக்கனம்.

எவ்வளவு பணம் கொடுத்தாலும் அனுமதி கிடைக்காத மலையும் உண்டு. பூட்டானில் உள்ள கங்கர் புயன்சும் 7,570 மீட்டர். உலகில் இன்னும் எவரும் ஏறாத மலைகளுள் அதுவே மிக உயர்ந்தது எனப்படுகிறது. மலைகளைப் புனிதமாகக் கருதும் அம்மக்களின் உணர்வை மதித்து, 1994ல் 6,000 மீட்டருக்கு மேல் ஏறுவதையும், 2003ல் மலையேற்றம் முழுவதையும் பூட்டான் அரசு தடுத்துவிட்டது. அனுமதி கேட்பதென்றால், இல்லை என்னும் விடையையும் ஏற்கவேண்டும் என்பதை அம்மலை நமக்கு நினைவூட்டுகிறது.

வழிகாட்டியைத் தேர்வது எப்படி?

சமூக ஊடகங்களில் அழகிய படங்களைப் போட்டு, குறைந்த விலை கூறி அழைப்போர் இன்று மிகுதி. படத்தைப் பார்த்துப் பணத்தை அனுப்பிவிடலாகாது. முதலில், நிறுவனம் அந்நாட்டில் பதிவு பெற்றதா என்று பார்க்கவேண்டும். இரண்டாவது, உடன் வரும் வழிகாட்டியின் பெயரையும் உரிம அட்டையின் படத்தையும் கேட்கவேண்டும். நல்ல முகவர் தயங்காமல் அனுப்புவார். மூன்றாவது, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேட்கவேண்டும். நான்காவது, ஒருவர் நோயுற்றால் அவரோடு கீழே இறங்குவதற்கு இரண்டாவது ஆள் உண்டா என்று கேட்கவேண்டும். இந்நான்காவது கேள்விக்குத் தெளிவான விடை வராவிட்டால் வேறிடம் பார்க்கலாம்.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லா. நீங்கள் செல்லும் உயரமும், ஹெலிகாப்டரில் மீட்கும் செலவும் அதில் அடங்குமா என்று எழுத்தில் பார்த்துக்கொள்க. நோயில்லாதவரையும் நோயாளி என்று கூறி ஹெலிகாப்டரில் ஏற்றிக் காப்பீட்டுப் பணம் பறித்த மோசடிகளை 2018ல் நேபாள அரசே விசாரித்தது. ஆகவே, மிக மலிவாக அழைத்துச் செல்வோர் இழப்பை எங்கே ஈடுசெய்வர் என்பதையும் சிந்திக்கவேண்டும்.

சுமை தூக்கும் தொழிலாளரை மறந்துவிடலாகாது. ‘ஷெர்ப்பா’ என்பது கூலியின் பெயரன்று. அஃது ஓர் இனத்தாரின் பெயர். 2014 ஏப்ரல் 18ஆம் நாள் எவரெஸ்ட்டின் கும்பு பனிச்சரிவில் மாண்ட 16 பேரும், பிறர் ஏறுவதற்காகப் பாதை அமைத்தும் சுமை எடுத்தும் பிழைத்த நேபாளத் தொழிலாளரே. நம் பாட்டன்மார் கோலார் தங்கவயலில் பாதாளத்துக்குள் இறங்கினர். தேயிலைத் தோட்டங்களில் கூடை சுமந்தனர். பிழைப்புக்காக உயிரைப் பணயம் வைப்பது இன்னதென்று நமக்கு யாரும் கற்பிக்க வேண்டா. அவருக்கும் காப்பீடு உண்டா, குளிருக்கு உடை உண்டா, சுமை அளவோடு இருக்கிறதா என்று கேட்பது தமிழர் பண்பு. கிளிமஞ்சாரோவில் ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கலாகாது என்பது பூங்கா விதி. நம் பையில் தேவையற்ற பொருளை அடைக்குமுன் அதனைத் தூக்கப்போகும் முதுகை நினைத்துக்கொள்ளலாம்.

உயரம் என்னும் பகை

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குச் சற்று மேல். எவரெஸ்ட் பாதையில் உள்ள நாம்சே 3,440 மீட்டர். அடிவாரம் 5,364 மீட்டர். 5,500 மீட்டர் அளவில் நாம் இழுக்கும் மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதியே. 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை தோன்றலாம். அதனைப் பொருட்படுத்தாமல் மேலே ஏறினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து உயிரைக் குடித்துவிடும். உடற்பயிற்சி செய்யும் வாலிபருக்கு இது வராது என்பது தவறான எண்ணம்; வலிமையுடையோர் விரைந்து ஏறுவதால் அவரையே இது பல வேளைகளில் பற்றுகிறது.

இதற்கு மருத்துவர் கூறும் விதி எளியது. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் இடம் முந்தின நாளைவிட 500 மீட்டருக்கு மேல் உயரலாகாது. மூன்று நான்கு நாளுக்கொரு முறை ஒரு நாள் ஓய்வு வேண்டும். நோய்க்குறி தோன்றினால் மேலே ஏறலாகாது. குறையாவிட்டால் உடனே கீழே இறங்கவேண்டும். புறப்படுமுன் இருதயம், இரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்வதும், மாத்திரைகளை மருத்துவர் சொல்லி மட்டுமே எடுத்துக்கொள்வதும் இன்றியமையாதன. நல்ல வழிகாட்டியின் அடையாளமும் இங்கேதான் தெரியும். உச்சிக்கு அழைத்துச் செல்பவர் நல்லவர். ‘இன்று போக வேண்டா’ என்று சொல்லத் துணிபவர் அவரினும் நல்லவர்.

தாள் மட்டும் காவாது

இவ்வளவும் செய்தாலும் இடர் வருமோ எனின், வரும். 2024 சூன் தொடக்கத்தில் கர்நாடகத்திலிருந்து உத்தரகாண்டத்தின் சகஸ்ர தாலுக்குச் சென்ற குழுவை நம் ஊரார் மறந்திருக்கமாட்டார்கள். வழிகாட்டிகள் உட்பட 22 பேர். திடீரெனப் பனிப்புயல் வீசியது. 9 பேர் மாண்டனர். 13 பேர் மீட்கப்பட்டனர். மாண்டவர்களும் மலைக்குப் பழகாத சிறுவர்கள் அல்லர். அந்நாட்களில் பெங்களூரில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை!

வழிகாட்டி இருந்தும் உயிர் போயிற்றே, பிறகு இவை எதற்கு என்று சிலர் கேட்கலாம். டோக்கன் பெற்ற வண்டியும் தடம் புரள்வதுண்டு. அதற்காக டோக்கன் இன்றி வண்டியை விடுவார் உண்டோ? எத்தனை பேர், எந்தப் பாதையில், எந்த நாளில் என்பது தெரிந்திருந்தால்தான் தேடும் ஹெலிகாப்டருக்குத் திசை தெரியும். சீட்டும் வழிகாட்டியும் இடரை முற்றும் நீக்கா. இடர் வந்தபோது நம்மைத் தனியராக விடா. வானிலை சரியில்லை எனில் திரும்பிவிடும் மனவுறுதி மட்டும் எந்த அலுவலகத்திலும் விற்கப்படுவதில்லை. அதனை வீட்டிலிருந்தே கொண்டுபோகவேண்டும்.

வீட்டில் வைக்கவேண்டியவை

ஆகவே, மலைக்குப் புறப்படும் ஒவ்வொரு பிள்ளையும் அம்மாவிடமோ அப்பாவிடமோ ஒரு தாளைக் கொடுத்துவிட்டுச் செல்லவேண்டும் என்பது நம் வேண்டுகோள். அதில் அனுமதிச் சீட்டின் எண், முகவரின் பெயரும் தொலைபேசியும், வழிகாட்டியின் பெயர், ஒவ்வோர் இரவும் தங்கும் ஊர், திரும்பி வரும் நாள், காப்பீட்டு எண், அந்நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி ஆகியவை இருக்கட்டும். பாஸ்போர்ட்டின் பிரதியையும் அதனோடு இணைத்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிடலாம். கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காத நாட்கள் எவை என்பதையும் முன்னரே சொல்லிவிட்டால், இரண்டு நாள் அழைப்பு வரவில்லையென்று வீட்டார் கலங்கமாட்டார்கள். வரவேண்டிய நாள் கடந்தும் வராவிட்டால் யாரைக் கேட்பது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. ‘போகாதே’ என்று தடுத்தால் பிள்ளைகள் சொல்லாமல் போவார்கள். சொல்லாமல் போவதே எல்லாவற்றிலும் பெரிய இடர். ‘போய் வா, ஆனால் தாளைக் காட்டிவிட்டுப் போ’ என்று சொல்லுங்கள். பாதி வழியில் திரும்பி வந்த பிள்ளையை ஏளனம் செய்யாதீர்கள். உச்சியைத் தொடாமல் திரும்பியவன் தோற்றவனல்லன். அடுத்த ஆண்டும் அம்மலை அங்கேயே நிற்கும்.

இளைஞர்களே, இறங்கி வந்ததும் சோதனைச் சாவடிப் பதிவேட்டில் மறவாமல் கையெழுத்திடுங்கள். கொண்டுபோன டோக்கனை மறுநிலையத்தில் ஒப்படைத்தால்தான் பயணம் முடிந்ததாகப் பொருள். பிறகு முதல் தொலைபேசி அழைப்பு வீட்டுக்கு ஆகட்டும். நலமே சென்று நலமே திரும்புக!